ஃபாசெட் சகோதரர்களும் எங்கள் வீட்டு இரண்டு பேரும்

நான் ஒன்றும் தபால் பெட்டி இல்லை. ஆனாலும் பதினான்கு மாதம் என்னை அப்படித்தான் வைத்திருந்தார்கள், என் அண்ணன் கிளெமும் தம்பி ரோலண்டும். ஒரே அலுவலக அறை, ஒரே மேசை, எதிரெதிர் நாற்காலிகள். ஓரத்தில் தட்டச்சு இயந்திரத்தோடு நான்.

"ஹில்டா, வியாழக்கிழமை நெல்சன் ஊர் வேலைக்குப் பெரிய வண்டி வேணும்னு அவன்கிட்ட சொல்லு" என்பான் கிளெம். ரோலண்ட் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருப்பான்.

"பெரிய வண்டிக்கு பிரேக் சரியில்லன்னு அவன்கிட்ட சொல்லு, ஹில்டா" என்பான் ரோலண்ட்.

நான் வாயைத் திறக்காவிட்டால் இரண்டு பேரும் என்னையே முறைப்பார்கள், தப்பு என்னுடையது என்பது போல. "உங்க ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? பேசித் தொலைங்களேன்!" என்று கத்தியிருக்கிறேன். கிளெமுக்கு ஐம்பத்தெட்டு வயது, ரோலண்டுக்கு ஐம்பத்திரண்டு. கத்தினால் திருந்துகிற வயசா அது?

ஆர்மராட் அண்ட் சன்ஸ் என்றால் லண்டனுக்கு வெகு வடக்கே எங்கள் கோல்ன் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது எங்கள் தொழில். அப்பா ஒரு குதிரை வண்டியோடு ஆரம்பித்தது. 1973 வாக்கில் மூன்று லாரியும் அரை வயிற்று வேலையுமாக நின்றிருந்தது. பஞ்சாலைகள் ஒவ்வொன்றாகக் கதவை மூடின. வீடு மாறுகிறவர்களும் ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, மச்சானைக் கூப்பிட்டுக் கொண்டு, தாங்களே கட்டிலைத் தூக்கிச் சுவரில் இடித்துக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனி எங்கள் லாரி நிற்கும் இடத்தைக் கேட்டது. விற்றுவிடலாம் என்றான் கிளெம். செத்தாலும் மாட்டேன் என்றான் ரோலண்ட். அப்பா உயிலில் மூன்று பேருக்கும் சம பங்கு எழுதிவிட்டு, எந்த முடிவுக்கும் இரண்டு கையெழுத்து போதும் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பாவி மனுஷன்! அப்படியென்றால் முடிவு என் தலையில்தானே? கிளெம் பக்கம் போட்டால் தம்பி போய்விடுவான். ரோலண்ட் பக்கம் போட்டால் அண்ணன் போய்விடுவான். வக்கீல், விட்டம் என்று பெயர், கெடு வைத்தார்: டிசம்பர் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி.

பேச்சு நின்றதற்குக் காரணம் இது இல்லை. அது அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது.

முந்தின வருஷம் அக்டோபரில் ஆல்பர்ட் ரோட்டில் ஒரு வேலை. மாடியிலிருந்து ஓக் மர அலமாரி ஒன்றை இறக்க வேண்டும். மாடிப்படியில் கனமான சாமான் இறக்க இரண்டு பேர் வேண்டும். கீழ்ப்பிடி பிடிக்கிறவன் பின்பக்கமாக இறங்குவான். முழு பாரமும் அவன் மேல்தான், அவனுக்குப் படி தெரியாது. மேல்பிடி பிடிக்கிறவன் அவனுக்குக் கண். "இன்னும் நாலு... மூணு... ரெண்டு... ஒண்ணு... தரை" என்று எண்ணிக்கொண்டே வருவான். தரை என்ற சொல்லைக் கேட்டால்தான் கீழே இருப்பவன் மூச்சு விடுவான். முப்பது வருஷம் கிளெம் கீழ்ப்பிடி, ரோலண்ட் மேல்பிடி. அப்பா வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: கீழ்ப்பிடிக்காரன் கத்தலாம், திட்டலாம், அழலாம், கையை மட்டும் விடக்கூடாது.

அன்றைக்குக் காலையிலிருந்தே இருவருக்கும் எந்த ரோட்டில் போவது என்று வாய்த்தகராறு. அலமாரி ஐந்தாவது படிக்கு வந்தபோது கிளெம் விட்டுவிட்டான். அலமாரி அவனைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுச் சறுக்கி, கைப்பிடிக் கட்டைகளை ஒடித்துக்கொண்டு, வீட்டுக்காரம்மா பிரேஸ்வெல்லின் காலடியில் போய் விழுந்தது. அந்தம்மா ஒரு அடி முன்னால் நின்றிருந்தால் கதை வேறு. "வேணும்னே விட்டே! கோபத்துல விட்டே!" என்று மேலேயிருந்து ரோலண்ட் அலறினான். கிளெம் அவனை நிமிர்ந்து பார்த்தான். "ஆமா. விட்டேன்" என்றான். போய் லாரியில் உட்கார்ந்துகொண்டான்.

அவ்வளவுதான். அதன் பிறகு கிளெம் தூக்குகிற வேலைக்கே போகவில்லை. வீடு வீடாகப் போய்ச் சாமானைப் பார்த்துக் கூலி மதிப்பெழுதுகிற வேலையை எடுத்துக்கொண்டான். ரோஷத்தில் செய்கிறான் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவன் எழுதித் தருகிற ஒவ்வொரு தாளிலும் டீக் கோப்பை வைத்த வட்டம் ஒன்று இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இது வாடிக்கையாளருக்குப் போற தாள்யா, மேசை விரிப்பு இல்ல" என்பேன். "மன்னிச்சுக்கோ கண்ணு" என்பான். மறுநாளும் வட்டம் இருக்கும்.

பேச்சில்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை டீக்கு இருவரும் என் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. அம்மா இருந்தபோது வைத்த வழக்கம். நானும் கன்னியாகவே நின்றுவிட்டேன், ரோலண்டும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கிளெமின் மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. பன்றித்தொடைக் கறி, ஊறவைத்த பீட்ரூட், டப்பாப் பீச்சுப் பழம், அதன் மேல் டப்பாப் பால். ஒருவன் இந்தக் கோடி, ஒருவன் அந்தக் கோடி. கிளெம் புதிதாகக் கத்தியே தொடாமல் முள்கரண்டியால் மட்டும் குத்தித் தின்னப் பழகியிருந்தான். "என்ன, துரை அமெரிக்கா போய் அவங்க மாதிரி தின்னப் பழகிட்டாரோ?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, கறியைச் சின்னதாக நறுக்கித் தரச் சொன்னான். நறுக்கிக் கொடுத்தேன், திட்டிக்கொண்டே.

செப்டம்பரில் டி.வி.யில் அந்தத் தொடர் ஆரம்பித்தது. ஞாயிறு ஏழரை மணி. லண்டன் பக்கம் லாரிக் கம்பெனி நடத்துகிற ஃபாசெட் சகோதரர்கள், அண்ணன் லியோனார்ட், தம்பி கிளைவ். அப்பன் செத்துப்போக, கம்பெனி நொடித்துப்போக, இருவருக்கும் எப்போதும் சண்டை. ஊரே அதைப் பார்த்தது. செவ்வாய்க்கிழமை கறிக்கடைக்குப் போனால் கடைக்காரன் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "ஏன் ஹில்டா, உங்க வீட்டுக் கதையை டி.வி.காரனுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டான். வரிசையில் நின்ற அத்தனை பொம்பளைகளும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. ஆனாலும் அடுத்த ஞாயிறு ஏழு இருபத்தைந்துக்கு நான்தான் முதலில் பெட்டியைப் போட்டேன்.

முதல் இரண்டு வாரம் இருவரும் தொழில் குற்றம் கண்டுபிடிப்பதிலேயே இருந்தார்கள்.

"கயிறு கட்டியிருக்கிற லட்சணத்தைப் பாரு ஹில்டா. அடுத்த முக்குல எல்லாம் ரோட்டுல கிடக்கும்" என்றான் ரோலண்ட்.

"அந்த லாரி டிரைவரோட கையைப் பாரு ஹில்டா. ஆபீஸ் குமாஸ்தா கை" என்றான் கிளெம்.

நான்காவது வாரம் லியோனார்ட் பெரிய டயர் ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கி லாரியில் எறிந்துவிட்டு, கம்பெனியை விற்கப் போகிறேன் என்று தம்பியிடம் கத்தினான். விளம்பரம் வந்தது. ரோலண்ட் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னான்: "இந்த லியோனார்டுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல."

நான் டீ ஊற்றினேன்.

"ஈரம் இல்லன்னு எப்படித் தெரியும்? அவன் ராத்திரி தூங்கி எத்தனை நாளாச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்றான் கிளெம். அவனும் பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னான்.

கெட்டில் என் கையில் அப்படியே நின்றது. 'அவன்கிட்ட சொல்லு ஹில்டா' என்பது இல்லை! நடுவில் நான் இல்லாமல் ஒரு வாக்கியம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிருக்கிறது. மூச்சுக் காட்டினால் கலைந்துவிடும் என்று பயந்து சர்க்கரையைக்கூடக் கலக்காமல் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். 'நீ' என்ற சொல் கிடையாது. எல்லாம் லியோனார்ட், கிளைவ். எங்கள் ஊர் ஆம்பளைகள் மனசில் இருப்பதை வாயால் சொல்லிப் பழகினவர்கள் இல்லை. அம்மாவிடம் எங்கள் அப்பா அன்பாகப் பேசி நான் கேட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் அவள் சவப்பெட்டியைப் பார்த்து. இவர்களுக்கு எங்கிருந்தோ இரண்டு நடிகர்கள் வந்து வாய் கொடுத்தார்கள்.

ஏழாவது வாரம் ரோலண்ட் சொன்னான்: "கிளைவுக்கு லாரியும் வேண்டாம், பணமும் வேண்டாம். காலையில எழுந்தா தொப்பியை மாட்டிக்கிட்டுப் போறதுக்கு ஒரு இடம் வேணும். வேற என்ன இருக்கு அவனுக்கு? பொண்டாட்டியா, புள்ளையா?"

நாடகத்தில் கிளைவுக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் உண்டு. நான் ஞாபகப்படுத்தவில்லை.

கிளெம் வெகுநேரம் பீச்சுப் பழத்தை முள்கரண்டியால் துரத்தினான். "அதை அவன் அண்ணன்கிட்ட சொல்லியிருக்கானா?" என்றான்.

"அண்ணன் கேட்டாத்தானே சொல்ல."

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பதிமூன்று வாரத் தொடர் என்று பத்திரிகையில் போட்டிருந்தான். கடைசி ஞாயிறு டிசம்பர் இரண்டு, வக்கீலுக்கு முந்தின நாள். ஃபாசெட்டுகள் சமாதானம் ஆகிவிட்டால் இவர்களும் ஆகிவிடுவார்கள், என் கையெழுத்தே தேவைப்படாது என்று கணக்குப் போட்டேன். ஐம்பத்தாறு வயதுக்காரி, நாடகக்காரனை நம்பினேன். சிரிக்காதீர்கள், நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

கடைசி ஞாயிறு. லியோனார்ட் கம்பெனியை விற்றான். சாவியை மேசை மேல் போட்டான். கிளைவ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். லியோனார்ட் வாசல் வரை போய் நின்றான். நாங்கள் மூன்று பேரும் முன்னால் குனிந்தோம். அவன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். பாட்டு வந்தது, பெயர்கள் ஓடின.

"இவ்வளவுதானா?" என்றேன்.

ரோலண்ட் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கிளெம் கொஞ்ச நேரம் வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கறி நல்லாயிருந்தது கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கதையை எழுதினவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் பீட்ரூட் பாட்டிலால் மண்டையிலேயே போட்டிருப்பேன்.

மறுநாள் காலை ஒன்பதே முக்கால். அலுவலகத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். வெளியே மழை, முற்றத்தில் மூன்று லாரியும் நனைந்துகொண்டிருந்தன. 'அவன்கிட்ட சொல்லு' என்பதற்குக்கூட ஒரு விஷயம் இல்லை. நான் யார் பக்கம் போடப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. சும்மா இருக்க முடியாமல் யாருக்கோ ஒரு கடிதம் தட்டிக்கொண்டிருந்தேன்.

ரோலண்ட் திடீரென்று சொன்னான்: "அது ஒரு முடிவா? சே!"

கிளெம் நிமிரவில்லை.

"அவன் வாசல் வரைக்கும் போனான் இல்ல? கிளைவ் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அதைக் கேட்காம கூட எப்படி அனுப்புவான்?"

"என்ன கேள்வி?" என்றேன் நான்.

"அன்னிக்கு ஏன் கையை விட்டான்னு."

என் விரல் தட்டச்சு இயந்திரத்தின் மேல் நின்றுவிட்டது. ஃபாசெட்டுகள் கதையில் யாரும் எதையும் கை நழுவ விடவில்லை. அதில் மாடிப்படியே கிடையாது.

கிளெம் கோப்பையை நகர்த்தி நகர்த்தி வைத்தான்.

"கோபத்துல விடல" என்றான்.

"யாரு?" என்றான் ரோலண்ட்.

"லியோனார்ட். அவனுக்குக் கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல. கை போச்சு. அதுக்கு முன்னாடியே மரத்துப்போக ஆரம்பிச்சிடுச்சு. நரம்பு செத்துடுச்சு, திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அன்னிக்குப் படியில அது விட்டதே அவனுக்குத் தெரியாது. அலமாரி போனப்புறம்தான் தெரிஞ்சது."

"புளுகு" என்றான் ரோலண்ட். "கைக்கு என்ன? நாலாவது வாரம் அவ்வளவு பெரிய டயரைத் தூக்கி எறிஞ்சானே!"

"அது வலது கை" என்றான் கிளெம். "இடது கையை நீ பாக்கவே இல்ல."

நீ என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூடவே அத்தனையும் புரிந்தது. கத்தியைத் தொடாமல் தின்றது. தாள் நகராமல் இருக்க அதன் மேல் கோப்பையை வைத்து வைத்து எழுதியது. ஒவ்வொரு வட்டத்துக்கும் நான் அவனைத் திட்டியது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான் ஒரு குருட்டுக் கழுதை.

ரோலண்ட் மேசையைச் சுற்றி வந்தான். "காட்டு" என்றான்.

கிளெம் இடது கையை மேசை மேல் வைத்தான். வலது கையால்தான் அதை எடுத்து வைத்தான். ரோலண்ட் அதைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டான்.

"அழுத்து."

கிளெம் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"அழுத்துடான்னா!"

"அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான் கிளெம்.

ரோலண்ட் குனிந்து அந்தக் கையையே பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. அப்பா செத்தபோதுகூட அவன் அழுது நான் பார்த்ததில்லை.

"ஏன்டா சொல்லல? ஊரு முன்னாடி உன்னைப் பாத்துக் கத்தினேனே, அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"கீழ்ப்பிடிக்காரன் எப்படிச் சொல்லுவான்? தெரிஞ்சா நீ என்னை நம்பி ஒரு படி இறங்குவியா? அதைவிட, கோபத்துல விட்டேன்னு நினைச்சாலே பரவாயில்லைன்னு தோணுச்சு." மூச்சு வாங்கிக்கொண்டான். "அதுக்காகத்தான் விக்கச் சொன்னேன். எனக்குப் பதிலா கீழ்ப்பிடிக்கு ஒருத்தனை வச்சிருப்பே. அவன் விட்டா, மேலேர்ந்து நீயும் சேர்ந்து உருளுவே. அதை நான் பாக்கணுமா?"

"முட்டாள்" என்றான் ரோலண்ட்.

"ஆமா."

"ரெண்டு பேருமே முட்டாள்தான். மூணாவதா நான் ஒருத்தி" என்றேன். மூக்கைச் சிந்தினேன்.

கிளெம் மெதுவாகக் கேட்டான்: "வித்துட்டா, காலையில தொப்பியை மாட்டிக்கிட்டு எங்க போவே?"

"உன் வீட்டுக்குத்தான். உன் ஷூவுக்கு லேஸ் யாரு கட்டறது, லியோனார்டா?"

கிளெம் சிரித்தான். பதினான்கு மாதத்துக்கப்புறம் அந்த அறையில் ஒரு சிரிப்பு. அப்போதும் ரோலண்ட் அந்தக் கையை விடவில்லை.

சரியாகப் பத்து மணிக்கு வக்கீல் விட்டம் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். எங்கள் மூன்று பேர் மூஞ்சியையும் பார்த்துவிட்டு, "நான் வேணும்னா இன்னொரு நாள் வரட்டுமா?" என்றார்.

"வேண்டாம். விக்கிறோம். மூணு கையெழுத்தும் உண்டு" என்றான் ரோலண்ட்.

ஜன்னல் வழியாக அப்பா பெயர் எழுதின லாரிகளைப் பார்த்தேன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பத்திரத்தில் நான்கு பக்கம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நானும் ரோலண்டும் முதலில் போட்டோம். பிறகு கிளெம் முன்னால் வைத்தார் வக்கீல். கிளெம் வலது கையில் பேனாவை எடுத்தான். தாள் வழுக்கியது. பழக்கத்தில் அவன் பார்வை டீக் கோப்பையைத் தேடிப் போனது. நான் அதற்குள் அதைக் கழுவ எடுத்து வைத்துவிட்டிருந்தேன்.

ரோலண்ட் எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றான். தன் உள்ளங்கையைத் தாள் மேல் அகலமாக வைத்துப் பிடித்துக்கொண்டான். கிளெம் கையெழுத்துப் போட்டான். ரோலண்ட் பக்கத்தைப் புரட்டினான்.

"இன்னும் மூணு" என்றான்.

கிளெம் போட்டான்.

"ரெண்டு."

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"ஒண்ணு."

கிளெமின் பேனா கடைசிக் கோட்டில் ஓடி நின்றது. தாளிலிருந்து கையை எடுக்காமல் ரோலண்ட் அவன் காதருகே குனிந்தான்.

"தரை" என்றான்.

கிளெம் மூச்சு விட்டான்.